இரண்டு நாள் தரவுப் பயிற்சி, 12,500 ரூபாய்: இரண்டாம் நாளுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த அன்றே ஒபிஸில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். முதல் நாள் மத்தியானம் சோறு, பாரைமீன் குழம்பு, பருப்பு, அப்பளம். குழம்பில் புளி தூக்கல், மீன் துண்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கடைசியில் கிண்ணியாத் தயிர். சட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள், பக்கத்தில் கித்துள் பாணி. தேநீருக்கு முதல் நாள் காய்ந்துபோன கேக், இரண்டாம் நாள் சூடான உழுந்து வடை. பயிற்சியும் ஏறக்குறைய இதே போக்கில்தான் போனது.

'சமூகக் கொள்கை ஆய்வில் நிர்வாகத் தரவும் கணக்கெடுப்புத் தரவும்' என்று பெயர். நிர்வாகத் தரவு என்றால் அலுவலகங்கள் தங்கள் வேலைக்காக எழுதிவைக்கிற பதிவேடு, கணக்கெடுப்புத் தரவு என்றால் வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்தது. கொழும்பில் இருந்து வந்த ஒரு பயிற்சி நிறுவனம் உப்புவெளியில் கடற்கரையோர விடுதி ஒன்றில் நடத்தியது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், திருகோணமலை சின்ன ஊர், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். ஆளுக்கு 12,500 ரூபாய். அதில் எங்கள் நிறுவனம் பாதி, நான் பாதி. பாதியை என் கைக்காசில் கட்டியதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓஸ்ஹில் பக்கம் உள்ள ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பதவியின் பெயர் 'கண்காணிப்பு மதிப்பீட்டு உத்தியோகத்தர்', உண்மையில் எக்ஸெல் தாள்களோடு மாரடிக்கிறவள். ஏ.எல். முடித்த கையோடு, சுனாமிக்குப் பிறகு 2005 இல், குச்சவெளிப் பக்கம் கூடாரம் கூடாரமாகப் போய் நிவாரணப் பட்டியல் எழுதித்தான் முதல் சம்பளம் வாங்கினேன். ஒரே ஆள் மூன்று பட்டியலில் இருப்பதையும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒன்றிலுமே இல்லாமல் போவதையும் அப்போதே பார்த்தாயிற்று. இப்போது கையில் இருக்கிற வேலை, எங்கள் மாவட்டத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் அஸ்வெசும, அதாவது அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு, கிடைக்க வேண்டியும் கிடைக்காமல் போனவர்கள் யார் என்று பார்ப்பது. காசு தருகிறவர்கள் முன்பெல்லாம் 'வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்' என்பார்கள். இப்போது 'ஏற்கெனவே இருக்கிற தரவை வைத்துச் செய்யுங்கள்' என்கிறார்கள். அதனால் போனேன்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு என்றார்கள், தொடங்கும்போது பத்தேகால். ப்ரொஜெக்டருக்கும் லப்டொப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஏசியை யாராலும் குறைக்க முடியவில்லை. கிண்ணியாவில் ஒரு சேமிப்புச் சங்கத்தை நடத்துகிற அக்கா என் காதுக்குள், "தரவு வருதோ இல்லையோ தங்கச்சி, தடிமன் வரும்" என்றார். வந்தது.

வகுப்பெடுத்த தம்பி கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காலை முழுக்க வெளிநாட்டுக் கதை. டென்மார்க்கில் 1968 இல் ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தார்களாம். 1981 இல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல், பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தியே குடிசனத் தொகைமதிப்பை முடித்தார்களாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வருடம் சுருக்கென்று தைத்தது. எங்கள் மாவட்டத்தில் வீடு வீடாக முழுசாக எண்ணியது 1981 இல், அதற்கு அடுத்தது 2012 இல். 2001 இல் நாட்டின் 18 மாவட்டங்களில்தான் தொகைமதிப்பை முழுமையாக நடத்த முடிந்தது. மற்ற ஏழில் நாங்களும் ஒன்று. முப்பத்தொரு வருடம். நான் பிறந்து, படித்து, வேலைக்குப் போன பிறகுதான் என்னை அரசாங்கம் முதன்முதலாக எண்ணியது.

அடுத்து ஒரு கோட்டுப் படம். இலங்கையில் வறுமை எப்படி இறங்கியது என்று வீட்டு வருமான செலவுக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது: 2002 இல் 22.7 சதவீதம், 2006/07 இல் 15.2, 2009/10 இல் 8.9, 2012/13 இல் 6.7, 2016 இல் 4.1. அழகான சரிவு. சறுக்குமரம் மாதிரி. நான் கையைத் தூக்கினேன். 2002 இல் வடக்கு கிழக்கே அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. 2006/07 இல் வடமாகாணமும் இல்லை, திருகோணமலை மாவட்டமும் இல்லை. 2009/10 இலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. 25 மாவட்டங்களும் ஒன்றாக உள்ளே வந்தது 2012/13 இல்தான். அப்படியென்றால் இந்தக் கோட்டின் முதல் இரண்டு புள்ளியில் நாங்கள் இல்லையே தம்பி, இதை எப்படி 'இலங்கை' என்று எழுதுவது என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அங்கேயே ஒரு குறிப்பைச் சேர்த்தார். அந்த நேர்மைக்கு ஒரு புள்ளி.

பிறகு அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார், தெரியாமலேதான். 2016 இல் 4.1, 2019 இல் 14.3 என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, "இதைப் பார்த்து வறுமை மூன்று மடங்கு கூடியது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முந்திய எங்கள் திட்ட முன்மொழிவில், முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில் அப்படியேதான் எழுதியிருந்தேன். 4.1 என்பது 2002 ஆம் ஆண்டின் வறுமைக் கோட்டை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி அளந்தது. 14.3 என்பது 2012/13 தரவை வைத்துப் புதிதாகப் போட்ட கோட்டால் அளந்தது. ஒன்றை முழத்தாலும் மற்றதை மீட்டராலும் அளந்துவிட்டுச் சீலை நீண்டுவிட்டது என்று சொன்ன கதை. அந்த முன்மொழிவுக்குக் காசும் கிடைத்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம்.

வெளிநாட்டுக் கதைகளில் இரண்டு எனக்குப் பிடித்தன. ஒன்று நியூயோர்க் மாநிலத்துக் கதை. மேயர், மிட்டாக் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதையும் அரசாங்கத்தின் கொடுப்பனவுப் பதிவேட்டையும் ஆள் ஆளாகப் பொருத்திப் பார்த்து 2019 இல் வெளியிட்டது. உணவு முத்திரை வாங்கியவர்களில் 40 சதவீதத்தினர் கணக்கெடுப்பில் வாங்காதவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். ரொக்க உதவி வாங்கியவர்களில் அது 60 சதவீதம். அங்கே வெட்கமோ மறதியோ எனக்குத் தெரியாது. இங்கே என்றால் காரணம் எனக்குத் தெரியும். கையில் படிவத்தோடு யார் போனாலும் 'வெட்டத்தான் வந்திருக்கினம்' என்று ஒரு வீட்டிலும், 'சேர்க்கத்தான் வந்திருக்கினம்' என்று அடுத்த வீட்டிலும் நினைப்பார்கள். பதில் அதற்கேற்ற மாதிரி வரும்.

மற்றது, 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்களை வைத்து நடந்த பரிசோதனை. குலுக்கலில் விழுந்தவர்களுக்கு ஏழ்மை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி. தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் பெரியவர்களின் சம்பாத்தியத்தில் மாற்றம் எதையும் காணவில்லை. வருடக்கணக்காகப் பொறுத்திருந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வரி கட்டத் தொடங்கிய பிறகு வரிப் பதிவேட்டோடு பொருத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது: 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு யாரும் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பதிவேடு தானாக எழுதிக்கொண்டே இருக்கும். அதன் அருமை எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு செய்முறை என்றார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மென்பொருள் பாதிப் பேரின் லப்டொப்பில் திறக்கவே இல்லை. திறந்தவர்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கோப்பு வேறு ஏதோ நாட்டுடையது. அதில் 'பண்ணை விலங்குகள்' என்று ஒரு நிரல், அதில் பன்றி, வாத்து, லாமா. மூதூர் ஆசிரியர் ஒருவர் லாமா என்றால் பௌத்த துறவி அல்லவா, எப்படி எண்ணினார்கள் என்று கேட்டார். தேநீர் இடைவேளை வரை சிரித்தோம். கையேடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. திருகோணமலையில் நடத்துகிற வகுப்புக்குத் தமிழில் கையேடு இல்லை என்பதைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பிரயோசனமாக எனக்குக் கிடைத்தது கடைசி ஐந்து நிமிடம். எல்லாரும் பையைத் தூக்கும்போது அந்தத் தம்பியிடம் போய், வெருகல் பிரதேச செயலகப் பிரிவுக்கு மட்டும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வருமானத்தை இந்தக் கணக்கெடுப்பில் இருந்து எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுக்கலாம் அக்கா, ஆனால் எழுதக்கூடாது" என்றார். என் கொப்பியை வாங்கி அதிலேயே கணக்குப் போட்டார். 2016 கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாதிரிக்கு எடுத்தது 25,000 வீட்டலகு. 25 மாவட்டத்துக்குச் சராசரியாகப் பிரித்தால் 1,000. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், ஆகவே பிரிவுக்குத் தொண்ணூறு சொச்சம். நாலு வீட்டுக்கு ஒன்று பெண் தலைமை என்று வைத்தால் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அதுவும் பத்துப் பத்து வீடாக ஒரே கொத்தில் எடுத்தவை, அதனால் ஒன்றை மாதிரி ஒன்று இருக்கும். "இருபது வீட்டை வைத்து வெருகலைப் பற்றிப் பேசுவீர்களா?" என்றார். மாட்டேன். இதைக் காலையிலேயே பலகையில் போட்டிருந்தால் லாமாவுக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டாம் நாள் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். தடிமன் வேறு. காசு கட்டியாயிற்றே என்று போனேன்.

காலை அமர்வுக்கு ப்ரொஜெக்டர் இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஓய்வு பெற்ற கிராம சேவகர் ஒருவர், தம்பலகாமப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சேர்ட்டும் குடையுமாக வந்து வெண்பலகைக்கு முன்னால் நின்றார். இவரைக் கூட்டிக்கொண்டு வர யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதல் கேள்வியை நான்தான் கேட்டேன். மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டில் கிராம சேவகர்கள் கொடுக்கிற குடும்ப எண்ணிக்கைக்கும் தொகைமதிப்பில் வருகிற வீட்டலகு எண்ணிக்கைக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை ஐயா?

அவர் சிரித்தார். "பிள்ளை, நான் எழுதினது நிவாரண அட்டைக்கு. நீங்கள் அதைக் கொண்டுபோய் ஆராய்ச்சிக்குப் போட்டால் நான் என்ன செய்யிறது?"

பிறகு பலகையில் ஒரு வீட்டை வரைந்தார். உண்மையாகவே வீடு, ஓடு, முற்றம், கிணறு எல்லாம். தகப்பன், தாய். மூத்த மகன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், வீட்டோடு சேர்த்து இறக்கிய பத்தியில் இருக்கிறார்கள். இளைய மகள், கைக்குழந்தையோடு, புருஷன் கத்தாரில். தாயின் தமையன், தனிக்கட்டை, திண்ணையில் படுக்கிறவர். "இது எத்தனை குடும்பம்?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் வந்தது. அவருடைய பதிவேட்டில் இது மூன்று குடும்பம், மாமனுக்குத் தனி நிவாரண அட்டை எடுத்தால் நாலு. கணக்கெடுக்க வருகிறவருக்கு இது ஒரே வீட்டலகு, ஏனென்றால் அவர் கேட்பது ஒரு பானையில் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா என்று. இரண்டும் பொய் இல்லை. "உதவித் திட்டத்துக்குப் பதியிற கிழமை அடுப்பு மூன்றாகும். தீபாவளிக்குத் திரும்ப ஒன்றாகும்," என்றார். கந்தளாயில் இருந்து வந்த சிங்கள உத்தியோகத்தருக்கு யாரோ இதை மொழிபெயர்த்ததும் அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். அங்கேயும் அதே அடுப்புத்தான் போல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் ஆய்வே அந்தப் படத்தில் இருந்தது. "கத்தாரில் புருஷன் இருக்கிற பிள்ளையை எதில் போடுறது ஐயா?" என்று கேட்டேன். பதிவேட்டில் அவள் குடும்பத்துக்குத் தலைவன் புருஷன். கணக்கெடுப்பில் புருஷன் அந்த வீட்டில் வழக்கமாக வசிக்கிறவன் இல்லை, தலைவர் என்று அவள் தகப்பனின் பெயரைச் சொல்லுவாள். தனி அடுப்பு என்று சொன்னால் அவளே தலைவி. ஒரே பெண், மூன்று பட்டியலில் மூன்று விதமாக. அவர் கொஞ்சம் யோசித்தார். "முதல் அவளுக்கு மாதா மாதம் காசு வருதோ எண்டு கேளுங்கோ. பிறகு தலைவியோ இல்லையோ எண்டு பாக்கலாம்." என்னுடைய வினாக்கொத்தில் 47 கேள்வி இருந்தது. இந்தக் கேள்வி இருக்கவில்லை. அன்றிரவே சேர்த்தேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. பதிவேட்டில் சேர்க்க ஆள் தானாக வருவார், நீக்க யாரும் வரமாட்டார். பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேரக் கடிதம் வேண்டும், கல்யாணம் செய்து வந்த மருமகளுக்கு அடையாள அட்டை வேண்டும், அதனால் வருவார்கள். செத்தவருக்கும், படகேறிப் போனவருக்கும், நிரந்தரமாகக் கொழும்புக்குப் போனவருக்கும் விதானையிடம், அதுதான் கிராம சேவகரிடம், வேலை இல்லை. ஆகவே பழைய பதிவேடு எப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். 2006 இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது, இருந்த இடத்துப் பதிவிலும் வந்த இடத்துப் பதிவிலும் பெயர் இருந்த குடும்பங்களை எனக்கே தெரியும்.

மத்தியான அமர்வு, தயிருக்குப் பிறகு. மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு மிஸ், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறவர், இரண்டு பட்டியல்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 200 பெயர், எல்லாம் கற்பனை. ஒன்று உதவித் திட்டப் பட்டியல், மற்றது கணக்கெடுப்பு. இரண்டையும் பொருத்த வேண்டும். இதற்குத்தான் நான் வந்தேன்.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தொடங்கினோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 இல் இருந்து வருகிற புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக்குவது சுலபம்: முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தைத் தூக்கிவிட வேண்டும். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே ஆண் என்று எழுதியிருக்கிற வரிசையில் அந்த மூன்று இலக்கம் 500 ஐத் தாண்டினால் ஏதோ பிழை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன், என்னத்தைச் சொல்ல. இன்னொரு வில்லங்கம் எக்ஸெல். பன்னிரண்டு இலக்க எண்ணைப் போட்டால் அது தன்பாட்டில் 1.98 என்று சுருக்கி, பக்கத்தில் ஓர் ஆங்கில ஈ (E) எழுத்தும் கூட்டல் 11 உம் போட்டுவிடும். கட்டத்தை எழுத்து வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் இலக்கத்தை ஒட்ட வேண்டும். பத்து வருடமாக யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

இலக்கம் இல்லாத வரிசைகளைப் பெயரை வைத்துப் பொருத்தச் சொன்னார். அங்கேதான் கூத்து. ஆங்கிலப் பெயர்களை ஒலியால் பொருத்துகிற சௌண்டெக்ஸ் என்கிற பழைய முறை, 1918 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தை இலக்கமாக்கும். ஞானேஸ்வரியை ஒருவர் ஆங்கிலத்தில் ஜீயில் (G) தொடங்குவார், மற்றவர் என்னில் (N) தொடங்குவார். முதல் எழுத்தே வேறு என்றால் அந்த முறைக்கு இருவரும் வேறு ஆட்கள். சாகிர், எஸ்ஸில் ஒருவர், இசட்டில் ஒருவர், அதுவும் அப்படியே. மொகமட் என்ற பெயர் அந்த 200 இல் ஏழு விதமாக இருந்தது. போதாததற்கு எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால், சில இடத்தில் வெறும் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கு முதலெழுத்தே மாறும். கடைசியில் இலக்கத்தால் 131, பெயரும் பிறந்த வருடமும் கிராமமும் சேர்த்து 38 என்று பொருத்தினேன். மிஸ் வந்து பார்த்தார். அந்த 38 இல் நாலு பிழை, இரண்டு அக்கா தங்கச்சிச் சோடிகள். பொருந்தாமல் விட்ட 31 இல் யார் அதிகம் என்று எண்ணச் சொன்னார். பெண்களும் முஸ்லிம் பெயர்களும். "இந்த 31 ஐயும் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து அறிக்கை எழுதினால், விடுபட்டவர்களைத் தேடப் போன ஆய்வே அவர்களை இரண்டாம் முறை விட்டுவிடும்" என்றார். அந்த ஒரு பயிற்சிக்கே ஆறாயிரம் ரூபாய் சரி.

அஸ்வெசும பற்றி அவர் சொன்னதையும் சொல்ல வேண்டும். 2023 இல் தொடங்கியபோது வந்த விண்ணப்பங்களை 22 சுட்டிகள் வைத்துப் புள்ளியிட்டு, 2,500 ரூபாயில் இருந்து 15,000 ரூபாய் வரை நாலு படியாகப் பிரித்தார்கள். ஆராய்ச்சிக்கு நல்ல தரவு. ஆனால் அது விண்ணப்பித்தவர்களை மட்டும் அறியும். படிவம் நிரப்பத் தெரியாதவள், 'எங்களுக்கெல்லாம் தரமாட்டினம்' என்று போகாமலே இருந்தவள் அந்தப் பதிவேட்டில் நிராகரிக்கப்பட்டவளாகக்கூட இருக்கமாட்டாள். அவளைப் பிடிக்கக் கணக்கெடுப்பு வேண்டும். எனக்குக் காசு தருகிறவர்களுக்கு இந்தப் பகுதியை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பதிவேட்டுத் தரவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் அவுஸ்திரேலியாவைச் சொன்னார். ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டம். வரித் திணைக்களத்தின் ஆண்டு வருமானத்தை இரண்டு கிழமைச் சராசரியாக வகுத்து, உதவி வாங்கியபோது சொன்ன வருமானத்தோடு இயந்திரத்தை ஒப்பிட விட்டார்கள். சில மாதம் மட்டும் உழைத்தவர்கள் பலருக்கும் கடன் கடிதம் போனது. நீதிமன்றம், 180 கோடி டொலர் இணக்கத் தீர்வு, 2023 இல் அரச ஆணைக்குழு அறிக்கை என்று போனது. மூதூர் ஆசிரியர் உடனே, "மிஸ், வாடைக்காற்றில் மூன்று மாதம் கடலுக்கே போகாதவனை வருடக் கணக்கில் வகுத்தால் அவன் பணக்காரன்தான்" என்றார்.

இனிப் பெரிய குறை. முதல் நாளே வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காலை அதில் பங்குபற்றுனர் ஒருவர், 'செய்முறைக்கு உதவும்' என்று, உண்மையான பயனாளிப் பட்டியல் ஒன்றை அப்படியே போட்டுவிட்டார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், 'கணவர் காணாமல் போனவர்' என்று ஒரு நிரல். மத்தியானம் மிஸ் தனியாள் தரவுப் பாதுகாப்பைப் பற்றியும், அதற்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றியும், பத்துப் பேருக்குக் குறைந்த கட்டத்தை அட்டவணையில் காட்டாதீர்கள் என்றும் அருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அந்தக் கோப்பு 19 பேரின் கைபேசியில் கிடக்கிறது. ஏற்பாட்டாளரிடம் நான் போய்ச் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள். அடுத்த நாள் மாலைதான் நீக்கினார்கள். நான் என் பிரதியை அப்போதே அழித்துவிட்டேன், மற்றவர்கள் அழித்தார்களா தெரியாது. ஒரு கிராமத்தில் 'காணாமல் போனவரின் மனைவி, மாற்றுத்திறனாளிப் பிள்ளை, ஒருவர்' என்று எழுதினால் பெயர் எதற்கு, ஊருக்கே தெரியும்.

தரவை எப்படிப் பெறுவது என்பதற்கு அரை மணித்தியாலம்தான் ஒதுக்கினார்கள், போதாது. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம், முடிவைச் சொல்ல அலுவலகத்துக்கு 14 வேலை நாள் என்பதோடு முடிந்தது. நடைமுறையில் என்ன வரும் என்பதை நான் சொல்கிறேன். போன வருடம் ஓர் அலுவலகத்தில் எண்ணிக்கைகளை எக்ஸெல் கோப்பாகக் கேட்டேன். தந்தார்கள், மறுக்கவில்லை. எக்ஸெல்லை அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, சரிவாக ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். 64 பக்கம். இரண்டு பிள்ளைகளை வைத்துத் திரும்ப அடித்தோம்.

ஆக, போகலாமா? புள்ளியியல் படித்தவர்களுக்கு முதல் நாள் தேவையில்லை, படிக்காதவர்களுக்கு அது விளங்காது. என்னை மாதிரிப் பட்டியல்களோடு வாழ்கிறவர்கள் இரண்டாம் நாளுக்கு மட்டும் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஐயா வருகிறாரா என்றும் கேளுங்கள், வரவில்லை என்றால் யோசியுங்கள். குளிருக்குச் சால்வை ஒன்று கொண்டுபோங்கள். மூன்றாம் கட்டையில் இருந்து ஓட்டோவுக்குக் கொடுப்பதை விட நிலாவெளி பஸ்ஸில் போய் இறங்குவது நல்லது, நேரத்துக்குத் தொடங்கமாட்டார்கள்.

சான்றிதழ் போன கிழமை வந்தது. வரவுப் பதிவில் என் பெயர் ஆங்கிலத்தில் ஜீயில் தொடங்கியது, பற்றுச்சீட்டில் என்னில் தொடங்கியது, சான்றிதழில் என்னும் (N) வொய்யும் (Y) சேர்ந்து தொடங்குகிறது. திருத்தித் தரச் சொல்லி எழுதினேன். சரிபார்க்க அடையாள அட்டை இலக்கம் அனுப்பச் சொன்னார்கள். பழையதா புதியதா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.